தெரிவு முனை: ஒரே நிரலைப் பல கருவிகளுக்குப் பொருத்திய வரலாறு

தெரிவு முனை என்பது, நுண்கட்டுப்படுத்தியில் வேறு வேலையில்லாமல் எஞ்சி நிற்கும் ஒரு காலைக் கொண்டு, அது எந்த மாதிரிக் கருவிக்குள் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதை அதன் நிரலுக்கு உணர்த்தும் முறையாகும். தமிழில் இதற்கு நிலைபெற்ற கலைச்சொல் இல்லை. பழுது பார்க்கும் கடைகளில் 'ஜம்பர்' என்றும், தொழிற்சாலைகளில் 'செலக்ட் பின்' என்றும் சொல்கிறார்கள். இக்கட்டுரையில் தெரிவு முனை என்ற சொல்லே பயன்படுத்தப்படுகிறது. இம்முறை தோன்றிய காரணமும், அதே எண்ணம் இந்திய மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் பெரிய அளவில் இடம்பெற்ற வரலாறும் இங்கே கூறப்படுகின்றன.

முறை

ஒரு நிறுவனம் 6 கிலோ, 7 கிலோ என்று இரண்டு அளவுகளில் சலவை இயந்திரம் செய்கிறது என்று கொள்வோம். இரண்டிலும் ஒரே சுற்றுப்பலகை, ஒரே சிப், ஒரே நிரல். வேறுபடுவது தண்ணீரின் அளவும் மோட்டார் சுழலும் நேரமும் மட்டுமே. சிப்பில் பயன்படாத கால் ஒன்று இருந்தால், 6 கிலோ இயந்திரத்தில் அதை ஒரு மின்தடை வழியாக 5 வோல்ட் இணைப்போடு சேர்த்துவிடுவார்கள். 7 கிலோ இயந்திரத்தில் அதே காலைத் தரையிணைப்போடு சேர்ப்பார்கள். மின்சாரம் வந்தவுடன் நிரல் முதல் வேலையாக அந்தக் காலைப் பார்க்கும். மின்னழுத்தம் இருந்தால் ஒரு அட்டவணையையும், இல்லாவிட்டால் மற்றோர் அட்டவணையையும் எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு அந்தக் காலை அது திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு கால் இருந்தால் இரண்டு மாதிரிகள், இரண்டு கால்கள் இருந்தால் நான்கு, மூன்று இருந்தால் எட்டு. காலை எதனோடும் சேர்க்காமல் அந்தரத்தில் விட்டால் என்ன ஆகும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அது சுற்றுப்புற மின் இரைச்சலையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஒரு நேரம் ஒன்று என்றும் மறு நேரம் சுழி என்றும் சொல்லும். பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே மாறிவிடும். ஆகவே தெரிவு முனை ஏதேனும் ஒரு பக்கம் உறுதியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். சில பொறியாளர்கள் இந்த அந்தர நிலையையே மூன்றாவது விடையாகப் பயன்படுத்துகிறார்கள். சிப்பின் உள்ளேயே இருக்கும் மின்தடையால் முதலில் மேலே இழுத்துப் பார்த்து, பிறகு கீழே இழுத்துப் பார்த்து, இரண்டு முறையும் கால் இழுத்த பக்கமே போனால் அது எங்கும் கட்டப்படவில்லை என்று பொருள். மின்னழுத்தத்தை அளக்கவல்ல காலாக இருந்தால் இன்னும் வசதி. இரண்டு மின்தடைகளின் விகிதத்தை மாற்றி, ஒரே காலில் பத்துப் பன்னிரண்டு மாதிரிகளைக்கூடக் குறித்துவிடலாம்.

தோன்றிய காரணம்

கணிப்பொறியின் வேலைகளை ஒரே சிப்பில் அடக்கிய நுண்கட்டுப்படுத்திகள் 1970களில் சந்தைக்கு வந்தன. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டி.எம்.எஸ். 1000 வரிசை 1974இலும், இன்டெல் நிறுவனத்தின் 8048 1976இலும், இன்றும் பாலிடெக்னிக் மாணவர்கள் படிக்கும் 8051 1980இலும் வெளிவந்தன. இவற்றில் பெருமளவில் விற்றவை, நிரல் சிப்பின் உடலிலேயே பதிக்கப்பட்டவை. சிப்பை வார்க்கும்போதே, அச்சுக்கட்டை போன்ற ஒரு முகமூடியைக் கொண்டு நிரலையும் சேர்த்துப் பதித்துவிடுவார்கள். பதித்த பிறகு ஓர் எழுத்தையும் மாற்ற இயலாது. புதிய நிரல் வேண்டுமென்றால் புதிய முகமூடி செய்ய வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு, பல வாரக் காத்திருப்பு, ஆயிரக்கணக்கில் வாங்கியே ஆகவேண்டிய கட்டாயம் எல்லாம் சேர்ந்து வரும்.

கல்யாணப் பத்திரிகை அச்சடித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று தனித்தனிக் கட்டை செய்வதைவிட, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று அடித்து, அழைப்போர் பெயரிருக்கும் இடத்தில் மட்டும் கையால் குறித்துக்கொள்வது சிக்கனம். எல்லா மாதிரிகளின் நடத்தையையும் ஒரே முகமூடியில் பதித்துவிட்டு, எது வேண்டும் என்பதை வெளியிலிருந்து ஒரு காலால் சொல்லும் பழக்கம் இப்படித்தான் நிலைத்தது.

1990களில் மின்சாரத்தாலேயே அழித்து மீண்டும் எழுதக்கூடிய நினைவகம் கொண்ட நுண்கட்டுப்படுத்திகள் மலிந்தன. மாதிரிக்கொரு நிரல் எழுதுவது எளிதாயிற்று. ஆயினும் தெரிவு முனை மறையவில்லை. ஒரே நிரல் என்றால் சோதனை ஒரு முறை, திருத்தம் ஒரு முறை, கிடங்கில் ஒரே வகைச் சரக்கு. 6 கிலோ நிரல் 7 கிலோ இயந்திரத்துக்குள் தவறிப் போய்விடுமோ என்ற கவலையும் இல்லை.

செயலிகளிலேயே அமைந்த தெரிவு முனைகள்

இந்த எண்ணத்தைச் சிப் செய்பவர்களே தங்கள் சிப்புகளில் கையாண்டார்கள். 1978இல் வந்த இன்டெல் 8086 செயலியின் 33ஆம் காலை மின்னழுத்தத்தோடு சேர்த்தால் அது தனித்தியங்கும் சிறிய அமைப்புக்கு ஏற்றதாகும். தரையோடு சேர்த்தால், துணைச் செயலிகளோடு சேர்ந்து உழைக்கும் பெரிய அமைப்புக்கு ஏற்றதாகும். மற்றக் கால்களில் எட்டின் பொருளே இந்த ஒரு காலைப் பொறுத்து மாறிவிடும். 8051இன் 31ஆம் கால், நிரலை உள்ளே தேடுவதா வெளியே தேடுவதா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆய்வகத்தில் அதைத் தரையோடு சேர்க்க மறந்துவிட்டு, வெளி நினைவகத்தில் இருக்கும் தம் நிரல் ஏன் ஓடவில்லை என்று விழித்த மாணவர்கள் ஏராளம்.

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிக்கணினியின் தாய்ப்பலகையில், எட்டெட்டுச் சிறு விசைகள் கொண்ட இரண்டு கட்டைகள் இருந்தன. நினைவகம் எவ்வளவு, எத்தனை ஃபிளாப்பி இயக்கிகள், எந்த வகைத் திரை என்பதையெல்லாம் அவற்றைத் தள்ளித்தான் கணினிக்குச் சொல்ல வேண்டும். 1984இல் வந்த ஏ.டி. மாதிரியில் இவற்றில் பெரும்பாலானவை மின்கலத்தால் உயிர்வாழும் நினைவகத்துக்குப் போய்விட்டன. 1990களில் நம் ஊர்களில் கணினி மையம் நடத்தியவர்கள், வன்தட்டின் பின்புறம் இருக்கும் ஜம்பரை மறந்திருக்க மாட்டார்கள். ஒரே கம்பியில் இரண்டு வன்தட்டுகள் மாட்டும்போது ஒன்று 'மாஸ்டர்', மற்றது 'ஸ்லேவ்' என்று அந்த ஜம்பரால்தான் குறிக்க வேண்டும். இரண்டும் மாஸ்டர் ஆகிவிட்டால் இரண்டும் சரியாகத் தெரியாது.

வாக்குப்பதிவு இயந்திரம்

ஒரே வார்ப்பாகச் செய்த கருவிக்கு, பயன்படுத்தும் இடத்தில் ஒரு சிறு விசையால் தனி அடையாளம் கொடுப்பது என்ற எண்ணத்தை இந்தியாவில் மிகப் பலர் கண்ணால் கண்டிருப்பது வாக்குச்சாவடியில்தான். அது சிப்பின் உதிரிக் கால் அல்ல. ஆனால் அதன் நெருங்கிய உறவு. தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியர்களுக்கு அதன் பெயர் ஸ்லைடு சுவிட்ச்.

இந்தியத் தேர்தல் ஆணையம் 1977இல் மின்னணு முறையைப் பற்றிய எண்ணத்தை முன்வைத்தது. ஐதராபாத்தில் உள்ள இந்திய மின்னணுக் கழகம் 1979இல் முன்மாதிரியைச் செய்தது. 1980 ஆகஸ்ட் 6 அன்று அரசியல் கட்சிகளின் பிரதிநிதிகள் முன்னிலையில் அது இயக்கிக் காட்டப்பட்டது. பெங்களூரில் உள்ள பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இப்பணியில் சேர்ந்தது. அங்கே இந்த இயந்திரத்தின் வடிவமைப்பிலும் உற்பத்தியிலும் முதன்மைப் பங்காற்றியவர்களுள் ஒருவர் எஸ். ரங்கராஜன், அதாவது எழுத்தாளர் சுஜாதா. அப்பணிக்காக அவர் வாஸ்விக் விருது பெற்றார். கதைகளுக்காக அவரை அறிந்தவர்களில் பலருக்கு, தாம் ஓட்டுப்போடும்போது அழுத்தும் பொத்தானுக்குப் பின்னாலும் அவர் இருக்கிறார் என்பது தெரிந்திருக்காது.

1982 மே 19 அன்று கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. சிவன் பிள்ளை 123 வாக்கு வேறுபாட்டில் வென்றார். தோற்ற ஏ.சி. ஜோஸ் நீதிமன்றம் போனார். இயந்திரத்தைப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை என்று 1984 மார்ச் 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அந்த 50 சாவடிகளிலும் மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிட்டது. மறுவாக்குப்பதிவில் ஜோஸ் வென்றார். 1988 டிசம்பரில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61அ பிரிவு சேர்க்கப்பட்டு, 1989 மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. 1989-90இல் செய்யப்பட்ட இயந்திரங்கள் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் காத்திருந்து, 1998 நவம்பரில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லி ஆகியவற்றின் 16 தொகுதிகளில் பயன்பட்டன. தமிழ்நாட்டின் எல்லாத் தொகுதிகளிலும் 2001 சட்டமன்றத் தேர்தலில் அவை வந்தன.

வடிவமைத்தவர்கள் முன் இருந்த சிக்கலைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நிரல் ஒரே ஒரு முறைதான் எழுதப்படும். பிறகு யாரும் தொடக்கூடாது. நம்பகத்தன்மைக்கு அது இன்றியமையாதது. ஆனால் ஒரு தொகுதியில் 5 பேர் நிற்பார்கள், பக்கத்துத் தொகுதியில் 40 பேர் நிற்பார்கள். யார் எந்த வரிசை எண்ணில் வருவார் என்பது வேட்புமனு திரும்பப் பெறும் நாள் முடியும்வரை யாருக்கும் தெரியாது. மாறாத நிரலைக் கொண்டு மாறும் தேர்தலை நடத்த வேண்டும்.

இதற்கு இரண்டு இடங்களில் விடை வைத்தார்கள். முதலாவது, வேட்பாளர் எண்ணிக்கையைக் குறிப்பது. கட்டுப்பாட்டுக் கருவியில் மூடி போட்டு முத்திரையிடப்படும் பகுதிக்குள் ஒரு பொத்தான் இருக்கிறது. தேர்தல் நடத்தும் அலுவலரின் மேற்பார்வையில் அதை அழுத்திவிட்டு, வாக்களிப்புக் கருவியில் கடைசி வேட்பாளருக்குரிய பொத்தானை அழுத்தினால், இந்தத் தேர்தலில் இத்தனை பேர் என்று இயந்திரம் பதிந்துகொள்ளும். மிஞ்சும் பொத்தான்கள் மறைப்புத் துண்டால் மூடப்படும்.

இரண்டாவதுதான் ஸ்லைடு சுவிட்ச். ஒரு வாக்களிப்புக் கருவியில் 16 பொத்தான்களே உண்டு. அதற்கு மேல் வேட்பாளர் இருந்தால் அதே போன்ற இன்னொரு கருவியை முதல் கருவியோடு தொடுக்க வேண்டும். முதல் கருவி வேறு, இரண்டாம் கருவி வேறு என்று தனித்தனியாகச் செய்திருந்தால், எந்தத் தொகுதிக்கு எத்தனை இரண்டாம் கருவி தேவைப்படும் என்று முன்கூட்டி ஆரூடம் பார்க்க வேண்டியிருக்கும். எனவே எல்லாவற்றையும் ஒரே வார்ப்பாகச் செய்து, உள்ளே 1 முதல் 4 வரை தள்ளக்கூடிய ஒரு விசையை வைத்தார்கள். விசை 1இல் இருந்தால் அதன் பொத்தான்கள் 1 முதல் 16 வரை, 2இல் இருந்தால் 17 முதல் 32 வரை, 3இல் 33 முதல் 48 வரை, 4இல் 49 முதல் 64 வரை. மூன்றாம் கருவியின் ஐந்தாம் பொத்தானை அழுத்துகிறவர் 37ஆம் வேட்பாளருக்கு வாக்களிக்கிறார். பொத்தானுக்குத் தன் எண் தெரியாது, விசைதான் சொல்கிறது.

இதனால், விசை தவறான இடத்தில் நின்றால் விளைவு சிறியதல்ல. இரண்டாம் தாள் ஒட்டிய கருவியின் விசையும் முதல் தாள் ஒட்டிய கருவியின் விசையும் இடம் மாறிப்போனால், மூன்றாம் வேட்பாளருக்கு விழ வேண்டிய வாக்கு பத்தொன்பதாம் வேட்பாளருக்குப் போய்விடும். கருவி கெட்டுப்போனது போலவே தெரியாது. விளக்கு எரியும், ஒலி கேட்கும். இதைத் தடுக்கத்தான் விசையின் எண்ணை வெளியிலிருந்து பார்க்க மேல்மூடியில் சிறு திறப்பு விட்டிருக்கிறார்கள். வாக்குப்பதிவு தொடங்கும் முன், முகவர்கள் முன்னிலையில் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திக் கூட்டிப் பார்க்கும் மாதிரி வாக்குப்பதிவு நடக்கிறது. குறைந்தது 50 வாக்குகள் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி.

தேர்தல் பணியில், விடியற்காலையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கண்ணாடியை ஏற்றி இறக்கி அந்த எண்ணைப் படித்த அனுபவம் இக்கட்டுரையாளருக்கும் உண்டு. "ரெண்டு பொட்டியும் ஒண்ணு மாதிரிதானே சார் இருக்கு, நம்பர் மட்டும் ஏன் வேறயா இருக்கு?" என்று முகவராக வந்திருந்த பெரியவர் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்டவர் அன்று அந்த அறையில் அவர் ஒருவர்தான்.

குடவோலையும் வாயோலையும்

காவாந்தண்டலம் முதலிய ஊர்களைச் சுற்றிலும் கொண்ட உத்திரமேரூர், குடவோலை முறைக்குப் பெயர்பெற்றது. முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டு, தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதிக் குடத்திலிடப்பட்டன என்பது பள்ளிப் பாடத்திலேயே வருகிறது. பாடத்தில் வராத ஒரு நுட்பம் உண்டு. பெயர் ஓலைகளை அப்படியே குடத்தில் கொட்டவில்லை. ஒவ்வொரு குடும்பின் ஓலைகளையும் தனிக் கட்டாகக் கட்டி, அக்குடும்பைக் குறிக்கும் வாயோலை ஒன்றைச் சேர்த்தார்கள். ஒரு சிறுவன் முதலில் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறு குடத்திலிட்டுக் குலுக்கிய பிறகே ஓர் ஓலையை எடுப்பான். பெயரோலை ஆளைச் சொல்லும். அது எந்தக் குடும்பின் இடம் என்பதை வாயோலை சொல்லும். ஸ்லைடு சுவிட்சும் பொத்தானும் செய்வது இதே வேலைப் பிரிவினைதான். குடவோலைச் சீட்டுக் குலுக்கலை இன்றைய வாக்குரிமையோடு ஒப்பிட்டுப் பெருமை பேசுவது பொருந்தாது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. நில உடைமையும் வேதப் பயிற்சியும் தகுதிகளாக இருந்த ஏற்பாடு அது. அடையாளம் கலந்துவிடாமல் காக்கும் கணக்கு மட்டுமே இங்கு ஒப்புமை.

நான்கு போதாமல் போனது

64 என்ற எல்லை வகுக்கப்பட்டபோது அது தாராளமாகத் தோன்றியிருக்கும். 1996இல் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1033 பேர் போட்டியிட்டார்கள். விவசாயிகள் தங்கள் குறைகளை நாட்டின் கவனத்துக்குக் கொண்டுவரக் கையாண்ட வழி அது. வாக்குப்பதிவு தள்ளிவைக்கப்பட்டு, வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சிடப்பட்டது. அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் ஆந்திரத்தின் நல்கொண்டாவில் 480 பேரும், கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேரும் நின்றார்கள். இதையடுத்து மக்களவைக்கான காப்புத்தொகை 500 ரூபாயிலிருந்து 10,000 ஆகவும், சட்டமன்றத்துக்கானது 250இலிருந்து 5,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. விசையில் இடம் போதாதபோது வேட்பாளர் தொகையைக் குறைக்கச் சட்டம் வந்தது என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது; இயந்திரங்கள் அப்போது கிடங்கில்தான் இருந்தன. ஆனால் 64க்கு மேற்பட்டால் பழைய வாக்குச்சீட்டுக்கே திரும்ப வேண்டும் என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. 2013இல் 'யாருக்கும் வாக்கில்லை' என்ற நோட்டா வந்தபின் ஓர் இடம் அதற்குப் போய், வேட்பாளர் எல்லை 63 ஆயிற்று. 2017 டிசம்பரில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் 59 பேர் நின்றபோது, நோட்டாவோடு 60 ஆகி, நான்கு கருவிகளும் ஏறத்தாழ நிரம்பின.

2013க்குப் பின் செய்யப்பட்ட எம் 3 வகை இயந்திரத்தில் 24 வாக்களிப்புக் கருவிகள் வரை தொடுக்கலாம். நான்கு நிலைகள் கொண்ட ஸ்லைடு சுவிட்ச் இதற்குப் போதாது என்பதால், எண்களை உருட்டி வைக்கும் தம்ப் வீல் சுவிட்ச் அதன் இடத்துக்கு வந்தது. 24ஐ 16ஆல் பெருக்கினால் 384. இதன் பயன் 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத் மக்களவைத் தொகுதியில் தெரிந்தது. மஞ்சள் விவசாயிகள் திரளாக மனுச்செய்ததால் அங்கே 185 வேட்பாளர்கள். நோட்டாவோடு 186. சாவடிக்குப் பன்னிரண்டு கருவிகளை வரிசையாக வைத்துத் தேர்தல் நடந்தது. 2023 பிப்ரவரி 27 அன்று ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 வேட்பாளர்களுக்காக ஐந்து கருவிகள் வைக்கப்பட்டன. பழைய நான்கு நிலை விசையாக இருந்திருந்தால் அங்கே வாக்குச்சீட்டுதான் அச்சடித்திருக்க வேண்டும்.

வெளியே தெரியும் தெரிவு, தெரியாத தெரிவு

தெரிவு முனையின் பலமும் பலவீனமும் ஒன்றேதான்: அது நிரலுக்கு வெளியே இருக்கிறது. வாக்களிப்புக் கருவியில் அதைக் கண்ணால் பார்க்கலாம், படிக்கத் தெரிந்த எவரும் சரிபார்க்கலாம். வீட்டுக் கருவிகளில் அப்படியில்லை. எங்கள் வீட்டுச் சலவை இயந்திரத்தின் சுற்றுப்பலகை கெட்டபோது, அதே எண் கொண்ட புதிய பலகையை மாற்றினார்கள். அதன்பின் தொட்டி ததும்பத் ததும்பத் தண்ணீர் ஏறியது. இரண்டு முறை வந்து பார்த்தும் புரியவில்லை. மூன்றாம் முறை வந்த உள்ளூர் மெக்கானிக், பழைய பலகையையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்து, எள் அளவு மின்தடை ஒன்று புதியதில் வேறு இடத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதைப் பெயர்த்துப் பழைய இடத்தில் பற்றவைத்ததும் சரியாயிற்று. பலகையில் அந்த இடத்துக்குப் பக்கத்தில் எந்த மாதிரிக்கு எது என்று நான்கு எழுத்து அச்சிட்டிருந்தால் இரண்டு நடை மிச்சமாகியிருக்கும்.

திருப்பெரும்புதூர் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தில் போய்வரும் பெண்கள் நம் பக்கத்து ஊர்களில் நிறையப் பேர். பலகையில் காலியாக விடப்பட்ட இடங்களைப் பார்த்து 'ஏதோ விழுந்துவிட்டது' என்று நினைக்கக்கூடாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். சுழி என்று எழுதிய மின்தடை, தடையே இல்லாத வெறும் இணைப்புத் துண்டு. இயந்திரக் கையால் எளிதாக எடுத்து வைப்பதற்காக மின்தடையின் வடிவில் செய்யப்பட்டது. எந்த இடத்தில் அது உட்காருகிறது என்பதே பெரும்பாலும் மாதிரியைத் தீர்மானிக்கிறது.

வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பொறுத்தவரை, வேட்பாளர் யார் என்பது இயந்திரத்துக்குத் தெரியாது, அதற்குத் தெரிந்தது வரிசை எண் மட்டுமே என்பது அதன் நம்பகத்தன்மைக்குச் சொல்லப்பட்ட முக்கிய வாதங்களுள் ஒன்று. எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள தொடர்பு, வெளியே ஒட்டிய தாளில் மட்டுமே இருந்தது. வாக்கைச் சரிபார்க்கும் தாள் அச்சுப்பொறியான வி.வி.பேட் வந்தபின் நிலைமை சற்று மாறியது. 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் அறிமுகமாகி, 2019இல் எல்லாச் சாவடிகளுக்கும் வந்த அக்கருவி, பெயரையும் சின்னத்தையும் அச்சிட வேண்டும். ஆகவே அவற்றைத் தேர்தலுக்கு முன் அதற்குள் ஏற்றியாக வேண்டும். தள்ளிவைத்த விசையைத் திறப்பு வழியாகப் பார்ப்பது போல ஏற்றிய தரவைப் பார்க்க முடியாது. அச்சாகி வரும் சீட்டைத்தான் பார்க்கலாம். சின்னங்களை ஏற்றும் அந்தச் சிறு கருவியையும் பெட்டியிலிட்டு முத்திரையிட்டு, முடிவு அறிவித்த பின் 45 நாட்கள் பாதுகாப்பறையில் வைத்திருக்க வேண்டும் என்று 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.